இலையானா, கொசுவா, நுளம்பா? கொழும்பு வீட்டில் பறப்பதை இடம் பார்த்துக் கண்டுபிடிப்பது

சென்னையில் வளர்ந்த மச்சாள் ஒருத்தியிடம், "வீடு முழுக்கக் கொசு" என்று ஒருமுறை போனில் சொல்லிவிட்டேன். "கொசுவர்த்தி ஏத்தி வைங்க, ராத்திரி வலை கட்டித் தூங்குங்க" என்று கரிசனையாகப் பதில் வந்தது. நான் சொன்னதோ கதலிச் சீப்பைச் சுற்றிப் பறந்த பொடிப் பூச்சியை. அவளுக்குக் கொசு என்றால் கடிப்பது. நமக்குக் கடிப்பது நுளம்பு, சோற்றில் மொய்ப்பது இலையான், மற்றபடி பொடியாகப் பறக்கிற எல்லாமே கொசு.

இந்த "எல்லாமே கொசு"வில்தான் சிக்கல். குளியலறைக் கொசு வேறு, பூச்சாடிக் கொசு வேறு, பழக் கொசு வேறு. பிறக்கும் இடம் ஒவ்வொன்றுக்கும் வேறு, ஆகவே விரட்டும் வழியும் வேறு. பறப்பதை ஸ்பிரே அடித்துக் கொன்றால் அன்றைக்கு மட்டும் நிம்மதி. அடுத்த கிழமை அதே இடத்தில் அதே அளவு பறக்கும், ஏனென்றால் முட்டையும் புழுவும் இருக்கிற இடத்தில் மருந்து படவே இல்லை.

நான் இருப்பது வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கால்வாய். உயர்தரத்தில் உயிரியல் படித்த குற்றத்துக்காகத் தொடர்மாடியில் யார் வீட்டில் எது பறந்தாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். கீழ் வீட்டு அன்ரி யோகட் கப்பில் பூச்சியை மூடிக்கொண்டு வந்து, "தம்பி, இதென்னெண்டு ஒருக்காப் பாருங்கோ" என்பார். அப்படிப் பார்த்துப் பார்த்துச் சேர்ந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டில் காண்பது எந்தத் தலைப்போடு ஒத்துப்போகிறதோ அதற்கு நேரே போகலாம்.

முதலில் ஒன்றைப் பிடியுங்கள்

விடியற்காலையில் பூச்சி சோம்பலாக உட்கார்ந்திருக்கும். கழுவிக் காயவைத்த யோகட் கப்பை மேலே கவிழ்த்து, அடியில் ஒரு விசிட்டிங் காட்டைச் செருகினால் அகப்பட்டுவிடும். கப்பை அப்படியே பிரீசரில் பத்து நிமிடம் வைத்தால் அடங்கிக் கிடக்கும். வெள்ளைத் தாளில் கொட்டிப் போன் கமராவில் பெருப்பித்துப் பாருங்கள்.

இறக்கையை எண்ணுங்கள். இரண்டு என்றால் ஈ இனம். இலையான், நுளம்பு, கொசு எல்லாமே அதற்குள் அடக்கம். பின்னிறக்கை இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை மாதிரி இரண்டு சிறு குமிழ் தெரியும், பறக்கும்போது உடம்பை நிலைப்படுத்துவது அவைதான். நான்கு இறக்கை என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது. மழைவிட்ட மாலை விளக்கடியில் இறக்கையை உதிர்த்துவிட்டு ஓடுவது ஈசல். கொய்யா இலைக்கு அடியில் மாவு போல அப்பியிருக்கும் வெள்ளை ஈ, பெயரில்தான் ஈ. இனத்தில் அது மூட்டைப்பூச்சிக்கும் செடிப்பேனுக்கும் சொந்தம்.

அடுத்து உணர்கொம்பு. கட்டையாக, மயிர் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் இலையான் பக்கத்துச் சொந்தம். நூல் போல நீண்டிருந்தால் நுளம்புப் பக்கம்.

இவை இரண்டையும் விட முக்கியமானது, பிடிக்கும்போது அது எங்கே உட்கார்ந்திருந்தது என்பது. அதை மட்டும் மறக்காமல் குறித்து வையுங்கள்.

குளியலறைச் சுவரில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது

சாம்பல் நிறம், உளுந்துக்கும் சிறியது, இறக்கையை விரித்து இதயம் மாதிரி உட்கார்ந்திருக்கும். தொட்டால் சிறு அந்துப்பூச்சி போலத் தூள் ஒட்டும். விரட்டினால் ஒரு முழம் தள்ளிப் போய் மறுபடி சுவரிலேயே குந்தும். இதுதான் கான் ஈ, கான் என்றால் கழிவுநீர் ஓடும் வழி. கொழும்பில் அதிகம் காண்பதன் இறக்கை ஓரத்தில் பொட்டுப்பொட்டாக வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். கடிக்காது.

இது பிறப்பது தரையில் தண்ணீர் இறங்கும் துவாரத்துக்குள். சவர்க்காரக் கசடும் தலைமுடியும் சேர்ந்து குழாயின் உட்சுவரில் கறுப்பாக ஒரு வழுவழுப்பு படியும். புழு அதற்குள் புதைந்து அதையே தின்று வளரும். முட்டையிலிருந்து பறக்கும் பூச்சியாக இரண்டு மூன்று கிழமை போதும்.

எந்தத் துவாரம் என்று சந்தேகமா? இரவில் துவாரத்தைச் சுற்றித் துடைத்துக் காயவிட்டு, மேலே செலோடேப்பை ஒட்டும் பக்கம் கீழே இருக்கும்படி குறுக்காக ஒட்டுங்கள். காற்றுப் போக ஓரத்தில் இடம் விடுங்கள். காலையில் டேப்பில் இரண்டு மூன்று ஒட்டியிருந்தால் பிறப்பிடம் அகப்பட்டுவிட்டது. ஒன்றும் இல்லையென்றால் மூன்று நான்கு இரவு தொடர்ந்து பாருங்கள், பிறகு அடுத்த துவாரத்துக்குப் போகலாம்.

சுத்தம் செய்வதில் பெரும்பாலானோர் செய்யும் பிழை ஊற்றுவது. பிளீச்சிங் ஊற்றுகிறார்கள், மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள், கொதிதண்ணீர் ஊற்றுகிறார்கள். பிளீச்சிங் வழுவழுப்பின் மேலால் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும், உள்ளே புதைந்த புழு தலையைக்கூடத் திருப்பாது. கொதிதண்ணீர் பீவிசி குழாயின் மூட்டை இளக்கிவிடும். மண்ணெண்ணெய் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, இரண்டு நாள் வீடே மணக்கும்.

தேய்க்கத்தான் வேண்டும். துவாரத்தின் சல்லடை மூடியைக் கழற்றினால், பல வீடுகளில் உள்ளே கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு துண்டு இருக்கும். அதையும் தூக்குங்கள். அந்தக் கிண்ணத்தின் உட்பக்கத்தை விரலால் வழித்துப் பார்த்தால், கறுப்புக் களிம்பில் அரிசி நீளம்கூட இல்லாத சாம்பல் நிறப் புழுக்கள் நெளியும். பார்க்க அருவருப்புத்தான், ஆனால் இனித் தேடத் தேவையில்லை. போத்தல் கழுவும் தூரிகையால் குழாயின் சுவரைக் கை எட்டும் ஆழம்வரை சுரண்டித் தேய்த்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் டிஷ் வாஷ் கலந்து ஊற்றுங்கள். கிழமைக்கு இரண்டு தடவையாக மூன்று கிழமை. கூட்டுப்புழுவாக இருப்பவை நடுவில் பறந்து வரும், அதைக் கண்டு மனம் தளரக்கூடாது.

விருந்தினர் அறைக் குளியலறையில் மட்டும் வருகிறதென்றால் முதலில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பாவிக்காத துவாரத்தில் தேங்கி நிற்க வேண்டிய தண்ணீர் வற்றினால், கீழ்க் குழாயில் பிறந்ததெல்லாம் தாராளமாக மேலே வரும்.

குசினியில், பழத்தைச் சுற்றிச் சுற்றிப் பறக்கிறது

மங்கிய மஞ்சள் உடம்பு, சிவந்த கண், 3 மில்லிமீற்றர் நீளம், அந்தரத்தில் தயங்கித் தயங்கி மிதக்கும். இது பழ ஈ. இங்குள்ள சூட்டில் எட்டுப் பத்து நாளில் ஒரு தலைமுறை. ஒரு பெண் ஈ வாழ்நாளில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும்.

பொறி வைப்பது சுலபம். குவளையில் கொஞ்சம் வினாகிரி, இரண்டு துளி டிஷ் வாஷ். கடையில் விற்கும் செயற்கை வினாகிரியை விடத் தென்னங்கள்ளு வினாகிரிக்கு நாலு மடங்கு கூட்டம் சேர்வதை என் குசினியிலேயே பார்த்திருக்கிறேன். புளித்த பழத்தின் மணம் அதில்தான் முழுசாக இருக்கிறது. டிஷ் வாஷ் இல்லாவிட்டால் ஈ தண்ணீர் மேலேயே நின்று குடித்துவிட்டுப் பறந்துவிடும்.

பொறியில் விழுவது வளர்ந்த ஈ மட்டும். பழத்தை எடுத்து மூடி வைத்தும் நிற்கவில்லையென்றால் தேட வேண்டியவை: வெங்காயக் கூடைக்கு அடியில் அழுகிய ஒற்றை உருளைக்கிழங்கு, கழுவாமல் வைத்த சோடாப் போத்தல், குப்பை வாளிக்கும் பைக்கும் நடுவில் ஒழுகிய சாறு, ஈரத்தோடு மூலையில் நிற்கும் தும்பு மொப். ரம்புட்டான் காலத்தில் தோலை ஒரு இரவு பையில் கட்டி வைத்தாலே போதும்.

இங்கே ஒரு ஏமாற்றுக்காரன் இருக்கிறான். என்னையே இரண்டு கிழமை ஏமாற்றினான்.

போன வருடம் எங்கள் குசினியில் இதே அளவில் ஏதோ பறந்தது. பழ ஈ என்று முடிவுகட்டி வினாகிரி வைத்தேன், பழத்தை எல்லாம் பிரிட்ஜுக்குள் தள்ளினேன், குப்பையை நாளுக்கு இரண்டு தடவை இறக்கினேன். குறையவில்லை. கட்டடத்தைப் பராமரிக்கிறவர்களிடம் சொன்னால், "உங்கள் வீட்டுப் பழம்தான் காரணம்" என்றார்கள். பழமே இல்லாத வீட்டில்! கடைசியில் ஒருநாள் தேநீர் குடித்துக்கொண்டு சும்மா கவனித்தேன். பூச்சி பறக்கவே இல்லை. சிங்க் ஓரத்தில் விட்டு விட்டு ஓடியது. கையைக் கொண்டுபோனால் பறக்காமல் இன்னும் வேகமாக ஓடியது. பிடித்துப் பக்கவாட்டில் பார்த்தேன்: முதுகு கூன், கண் கறுப்பு, பின்னங்கால் தொடை தடிப்பு.

அது கூன் ஈ. பழ ஈ மிதக்கும், கூன் ஈ ஓடும். வேறு எதையும் பார்க்காவிட்டாலும் இதைப் பார்த்தால் போதும். பழம் மட்டுமல்ல, அழுகின எதுவும் அதற்குச் சரி: செத்த கரப்பான், எலி, மலக்குழிக் கசிவு. வீட்டுக்குள் விடாமல் வருகிறதென்றால் தரைக்கு அடியில் குழாய் உடைந்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். பிளம்பர் பாஸ் வந்து சிங்குக்குக் கீழே இரண்டு டைல்ஸைப் பெயர்த்தார். கழிவுக் குழாயின் முழங்கை வெடித்துக் கிடந்தது, அதைச் சுற்றி டைல்ஸுக்கு அடியில் நிரப்பியிருந்த மண் கறுத்துச் சேறாகியிருந்தது. சேற்றை அள்ளி, குழாய் மாற்றி, புதுமண் போட்டு மூடிய பிறகு பத்து நாளில் ஒன்றுகூட இல்லை. டைல்ஸ் இன்னும் நிறம் சேரவில்லை, அது வேறு கதை.

பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றினால் எழும்பிப் பறக்கிறது

கறுப்பு, மெலிவு, நீண்ட கால், பார்க்கக் குட்டி நுளம்பு போல இருக்கும். மண் மேலே ஓடும், கம்பியூட்டர் திரைக்கு முன்னால் வந்து எரிச்சலூட்டும். இது காளான் ஈ. தும்புத்தூள் கலந்த மண் எப்போதும் ஈரமாக இருந்தால் அதில் பூஞ்சை பிடிக்கும், அதைத் தின்னத்தான் புழு வருகிறது. முற்றினால் நாற்றின் வேரையும் கடிக்கும்.

உறுதிப்படுத்த உருளைக்கிழங்கு வில்லை ஒன்றை மண்ணில் அழுத்தி வையுங்கள். இரண்டு நாள் கழித்துத் திருப்பினால் கண்ணாடி போன்ற உடம்பும் கறுத்த தலையுமாகப் புழுக்கள் ஒட்டியிருக்கும்.

மருந்து வேண்டாம். தண்ணீரைக் குறையுங்கள். மேல் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும், புழு அந்த மேல் மண்ணில்தான் இருக்கிறது. மஞ்சள் அட்டையில் ஒட்டும் பசை தடவிச் செடி அருகே குத்தி வைத்தால் பறப்பவை அதில் விழும். சாடிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். அந்தத் தட்டுத் தண்ணீர் டெங்கு நுளம்புக்கும் தொட்டில்.

காலையில் விளக்கடியில் கும்பலாகச் செத்துக் கிடக்கிறது

பேர வாவி, தியவன்னா ஓயா, தெஹிவளைக் கால்வாய் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது பழகின காட்சி. மாலை மங்கும் நேரம் மதிலுக்கு மேலே புகை மாதிரி ஒரு கூட்டம் ஏறி இறங்கும். இரவில் பல்கனி லைட்டைச் சுற்றும். காலையில் தும்புத்தடியால் கூட்டி அள்ள வேண்டும். "டெங்கு நுளம்பு படையெடுத்துவிட்டது" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள்.

ஒன்றை எடுத்துப் பாருங்கள். முகத்தில் ஊசி இருக்கிறதா? நுளம்புக்கு நீளமாகக் குத்தூசி நீட்டிக்கொண்டிருக்கும், இதற்கு இருக்காது. உட்கார்ந்தால் இது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டிருக்கும், நுளம்பு பின்னங்காலைத் தூக்கும். ஆணின் உணர்கொம்பு மயிலிறகு போலச் சடைத்திருக்கும். இது கடிக்காத நீர்க்கொசு. வளர்ந்த பிறகு இதன் ஆயுள் சில நாட்கள்தான்.

இதன் புழுவை நீங்கள் வேறு பெயரில் அறிவீர்கள். மீன்கடையில் தொட்டி மீனுக்கென்று விற்கும் சிவப்பு இரத்தப் புழு இதுதான். நம் இரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின் அதன் உடம்பில் இருக்கிறது, அதனால்தான் ஒட்சிசன் குறைந்த நாற்றச் சேற்றிலும் மூச்சு முட்டாமல் வாழ்கிறது. கால்வாய் அசுத்தமாக அசுத்தமாக மற்றப் பூச்சிகள் அழியும், இது பெருகும். அந்தக் கால்வாயை நீங்களோ நானோ திருத்த முடியாது. ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை பல்கனி லைட்டை அணைத்து, திரைச்சீலையை இழுத்துவிட்டாலே பாதிக்கு மேல் குறையும். வெள்ளை வெளிச்சத்துக்கு வருமளவு மஞ்சள் வெளிச்சத்துக்கு வராது. செத்ததை ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். காய்ந்து தூளாகிக் காற்றில் பறந்தால் சிலருக்கு மூக்கடைப்பும் இழுப்பும் வரும்.

சிலர் வீட்டில் இது இன்னும் நெருங்கி வரும்: குழாயைத் திறந்தால் வாளிக்குள் சிவப்பாக ஒரு நூல் எட்டுப் போட்டு நெளியும். இரத்தப் புழு உங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியிலேயே பிறக்கிறது என்று அர்த்தம். தாங்கி மூடி விலகியிருக்கும், அல்லது நீர் வழியும் குழாயின் வாய் திறந்திருக்கும். உள்ளே அடியில் படிந்த மண்டியில் புழு குழாய்க்கூடு கட்டியிருக்கும். இறைத்துக் கழுவி, மூடியை இறுக்கி, திறந்த வாய்களுக்கு நுளம்பு வலைத் துணி கட்டுங்கள். புழு நோய் தராது. ஆனால் பூச்சி நுழைந்த வழியால் வேறு எதுவும் நுழையலாம், ஆகவே கழுவி முடிக்கும்வரை கொதிக்க வைத்தே குடியுங்கள்.

தொட்டியில் காண்பது சிவப்பாக இல்லாமல், மேல்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கி, ஆள் நிழல் பட்டதும் துள்ளிக்கொண்டு கீழே இறங்குகிறதா? அது நுளம்புக் குடம்பி. அடுத்த பகுதியை வாசியுங்கள்.

கடித்துவிட்டது, ஆனால் ஆளைக் காணவில்லை

நேரத்தைப் பாருங்கள். காலையிலும் பின்னேரத்திலும் மேசைக்கு அடியில் கணுக்காலைக் குத்தி, கறுப்பு உடம்பில் வெள்ளைப் பொட்டும் வரியும் இருந்தால் ஈடிஸ். அதில் இரண்டு இனம்: முதுகில் யாழ் வடிவக் கோடு இருந்தால் எஜிப்டை, நடுவில் ஒற்றை வெள்ளைக் கோடு என்றால் அல்போபிக்டஸ். இரண்டும் டெங்கு பரப்பும். 2017இல் நாட்டில் 186,101 பேருக்கு டெங்கு என்று பதிவானது, அதிகம் கொழும்பிலும் கம்பஹாவிலும். இங்கே விளையாட்டில்லை. பிரிட்ஜின் பின்னால் உள்ள தட்டு, ஏசி சொட்டும் வாளி, கூரைப் பீலி, பல்கனியில் கிடக்கும் பழைய செருப்பு என்று தேடுங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, பாத்திரத்தின் உட்சுவரைத் தேய்க்கவும் வேண்டும். முட்டை சுவரில் ஒட்டி மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். குடம்பி இருப்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கண்டால் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வழக்குப் போகும் என்பதும் நினைவிருக்கட்டும்.

நடுச்சாமத்தில் காதருகே பாடிக் கடிப்பது பழுப்பு நிறக் கியூலெக்ஸ், பிறப்பிடம் கான் தண்ணீர். யானைக்கால் நோயை ஒரு காலத்தில் இந்தக் கரையோரம் முழுக்கப் பரப்பியது இதுதான். 2016இல் அந்த நோய் இலங்கையில் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது, நுளம்பு மட்டும் அப்படியே இருக்கிறது. பொழுதுபடும்போது வளவில் பெரிசாக ஒன்று, வளைந்த ஊசியோடு வலிக்க வலிக்கக் குத்தினால் மலக்குழியைப் பாருங்கள். காற்றுக் குழாயின் நுனிக்கு வலை கட்டினால் ஆள் வராது.

வலைக்குள் படுத்தும் கடி, தீப்பொறி பட்டது போல எரிச்சல், பார்த்தால் மிளகுத் தூள் அளவில் ஏதோ. அது கடிக்கும் கொசு, 1 முதல் 3 மில்லிமீற்றர். நுளம்பு வலையின் கண் வழியாகவே நுழையும். முத்துராஜவெல, பொல்கொட போன்ற சேற்று நீர்க்கரைப் பக்கம் அதிகாலையிலும் அந்தியிலும் தொல்லை. மின்விசிறியைக் கட்டிலை நோக்கித் திருப்பினால் தீர்ந்தது, இவ்வளவு சிறிய உடம்பால் அந்தக் காற்றை எதிர்த்துப் பறக்க முடியாது.

அநுராதபுரம், அம்பாந்தோட்டைப் பக்கம் போய் வந்தவருக்குச் சில மாதங்கள் கழித்து வலியில்லாத ஒரு சிறு கட்டி தோன்றி, ஆறாமல் புண்ணாகிறதென்றால் தோல் வைத்தியரிடம் காட்டுங்கள். அது மணல் ஈ பரப்பும் லீஷ்மேனியா என்ற தோல் நோயாக இருக்கலாம். மணல் ஈ மயிர் மூடிய வைக்கோல் நிறப் பூச்சி. உட்காரும்போது இறக்கையை மேலே வி வடிவில் நிமிர்த்தி வைத்திருக்கும்.

இலையான் கடித்தது என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள். வீட்டு இலையானுக்குக் கடிக்க வாயில்லை, உறிஞ்சத்தான் தெரியும். ஆனால் அச்சு அசலாக அதே தோற்றத்தில், முகத்துக்கு முன்னால் கறுப்பு ஊசி நீட்டிய தொழுவ இலையான் என்று ஒன்று உண்டு. மாடு கட்டும் இடத்துக்கு அருகே இருப்பவர்கள் கணுக்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

யன்னல் கண்ணாடியில் பெரிய பச்சை இலையான்கள்

சாதாரண வீட்டு இலையானுக்கு முதுகில் நான்கு கறுப்புக் கோடு, நிறம் சாம்பல். அது வருகிறதென்றால் குப்பையையும் நாய்ப் பீயையும் அகற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும். பச்சையும் நீலமுமாக மினுங்கி, சிவந்த பெரிய கண்ணோடு, மூடிய அறைக்குள் பத்திருபது யன்னலில் மோதுகிறதென்றால் விடயம் வேறு. மீன் சந்தையில் பாரை மேல் மொய்ப்பதும் இதே ஆள்தான். ஆனால் உங்கள் அறைக்குள் மீன் இல்லையே?

கூரைக்குள் எலி செத்திருக்கிறது. கணக்கைப் பாருங்கள். செத்த சில மணி நேரத்தில் முட்டை, ஒரு நாளில் பொரிக்கும், நாலைந்து நாள் தின்னும், பிறகு கூட்டுப்புழு, மொத்தம் பத்து நாளளவில் இலையான். ஆகவே இலையான் யன்னலுக்கு வரும்போது நாற்றம் அநேகமாக அடங்கியிருக்கும். "போன கிழமை மணந்தது, இப்ப இல்லை" என்று அன்ரி சொன்னபோதே எனக்கு விளங்கிவிட்டது. நடுவில் ஒரு நாள் இரவு தரையில் வெள்ளைப் புழுக்கள் வரிசையாக ஊர்ந்திருக்க வேண்டும், தின்று முடித்தவை காய்ந்த இடம் தேடிப் போகும் நேரம் அது. அவை வந்த திசையில் போனால் எலி இருக்கும். இந்தக் கட்டத்தில் மருந்தடிப்பது வீண் செலவு. யன்னலைத் திறந்துவிடுங்கள், தாமாகவே போய்விடும்.

மீன் கறியைப் பிளாஸ்டிக் வலைக்கூடையால் மூடி வைத்து, அரை மணியில் அதில் புழு நெளிந்தால் மீன் பழசு என்று மீன்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். சாம்பல் உடம்பில் மூன்று கறுப்புக் கோடும், வயிற்றில் தாயப்பலகை போலக் கட்டமும் உள்ள இறைச்சி இலையான் முட்டையிடாது, உயிர்ப் புழுவாகவே ஈனும். கூடை மேல் உட்கார்ந்து கண்ணி வழியாகக் கீழே விடும். மூடி வைப்பதானால் தட்டால் மூடுங்கள்.

மாம்பழத்தை வெட்டினால் உள்ளே புழு

வெளியே தோலில் ஊசி குத்தியது போல ஒரு புள்ளி, உள்ளே கொட்டை வரைக்கும் கூழ். பெயரில் கொழும்பைச் சுமந்தாலும் யாழ்ப்பாணத்தார் சொந்தம் கொண்டாடும் கறுத்தக் கொழும்பானுக்கும் இதிலிருந்து தப்பில்லை. புழுவைத் தட்டில் விடுங்கள். வாயைக் கொண்டுபோய் வாலைப் பிடித்து வளையமாகும், ஒரு கணம் விறைக்கும், பிறகு விட்டதும் விசை தெறித்த மாதிரி ஒரு சாண் தள்ளிப் போய் விழும். குளியலறைப் புழுவோ எலிப் புழுவோ இப்படிப் பாயாது. இது கனி ஈயின் புழு, குசினியில் மிதக்கும் பழ ஈ வேறு. மண்ணைத் தேடித்தான் பாய்கிறது, மண்ணுக்குள் போய்த்தான் கூட்டுப்புழுவாகும்.

தாய் ஈ இலையானளவு, பார்க்கக் குளவி போல. நெஞ்சின் ஓரத்தில் மஞ்சள் கோடு, வயிற்றில் ஆங்கில டீ எழுத்துப் போலக் கறுப்புக் குறி. காய் முற்றும் பருவத்திலேயே ஊசியால் குத்தி முட்டையை உள்ளே வைத்துவிடும், அதன்பின் எந்த மருந்தும் உள்ளே போகாது. காய் கோழிமுட்டையளவில் இருக்கும்போதே கடதாசிப் பையால் கட்டுவதுதான் வழி. விழுந்த பழத்தை மரத்தடியில் விடாமல் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் சில நாள் போடுங்கள்.

மீதைல் இயூஜினோல் என்ற வாசனைப் பொருள் உள்ள பொறி வைத்தால் ஆண் ஈக்கள் மட்டும் வந்து விழும். அந்த வாசம் துளசியிலும் இருக்கிறது, கசக்கிய துளசி இலையில் இந்த ஈ வந்து மயங்கி நிற்பதைச் சாமியறைப் படிக்கட்டிலேயே பார்க்கலாம். பொறி வைத்தும் பந்தல் பாகற்காயில் புழு குறையவில்லை என்கிறவர்களுக்கு: பாகல், புடோல், வெள்ளரியைக் குத்துவது வேறு இனம். அது இந்த வாசனையைத் திரும்பியும் பார்க்காது. அதற்கும் பையைத்தான் கட்ட வேண்டும்.

இன்னும் சில

கண்ணைச் சுற்றியே வட்டமிட்டு, விரட்டினால் தொங்கும் வயரிலோ ஒட்டடை நூலிலோ போய் வரிசையாகத் தொங்குகிறதா? கண் கொசு. கண்ணீரை நக்க வருகிறது. கண்நோய் பரவும் காலத்தில் பிள்ளைகளிடம் அண்டவிடாதீர்கள். தொங்கும் நூல்களையும் ஒட்டடையையும் இரவில் எடுத்துவிட்டால் தங்க இடமிருக்காது.

ஏசிப் பெட்டிக்கு மேலே புறா கூடு கட்டியிருந்த யன்னல் வழியாக, நசுக்கினாலும் சாகாத தட்டையான ஒன்று வந்து நண்டு போலப் பக்கவாட்டில் ஓடினால் அது புறா ஈ. புறாவின் இரத்தம்தான் அதன் சாப்பாடு. குஞ்சு பறந்த பிறகு கூட்டை அகற்றினால் சரி.

கொம்போஸ்ட் வாளியைத் திறந்ததும் கறுப்புக் குளவி மாதிரி ஒன்று சோம்பலாக எழும்பி, உள்ளே கபில நிறத்தில் தட்டைத் தட்டையாகப் புழுக்கள் மொறுமொறுவென்று சத்தம் போட்டுக்கொண்டு கிடந்தால் கை வைக்க வேண்டாம். கறுப்புச் சிப்பாய் ஈ என்பார்கள். இடுப்பில் கண்ணாடி போல இரண்டு யன்னல் தெரியும். கொட்டாது, சோற்றில் உட்காராது, அது பெருகிய வாளியில் வீட்டு இலையானுக்கு இடம் கிடைக்காது. கீழ் வீட்டு அன்ரியிடம் இதைச் சொன்னபோது நம்பவில்லை. இப்போது மரக்கறித் தோலைக் கொட்டிவிட்டு, வாளியில் காதை வைத்துக் கேட்கிறார்.